வளையில் சிக்காத மருக்கொழுந்து

நாலு மாதம் சோறு தண்ணி இல்லாமல், கண்ணே திறக்காமல், மண்ணுக்குள் தூங்கச் சொன்னால் உங்களால் முடியுமா?

முடியாதல்லவா! காலை இட்லி கொஞ்சம் தாமதமானாலே வீடு இரண்டாகிவிடும். ஆனால் காட்டோரம் இருந்த சங்கஞ்செடிக் குட்டைத் தவளைகளுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற சங்கதி.

பங்குனி வெயில் ஏற ஏறக் குட்டை வற்றும். கடைசித் தண்ணீர் காய்வதற்குள் தவளைகள் பின்னங்காலால் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிடும். அடுத்த மழை விழுந்தால்தான் வெளியே வரும். மண்ணுக்குள் ஈயும் கிடைக்காது, எறும்பும் கிடைக்காது. வயிற்றில் சேர்த்து வைத்த கொழுப்புதான் நாலு மாதச் சாப்பாடு. மெலிந்து போய் இறங்கிய தவளை திரும்பி வந்ததாகக் கதையே கிடையாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கரையில் ஒரு பழைய நண்டு வளை இருந்தது. நண்டு எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டது. மண்ணுக்குள் இறங்கும் முன் ஒவ்வொரு தவளையும் அந்த வளைக்குள் தலையை விட வேண்டும். தொப்பை வாசலிலேயே சிக்கிக்கொண்டால், "சிக்கிட்டே! போ, நிம்மதியாத் தூங்கு!" என்று விடை கொடுப்பார்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால், "வழுக்கிட்டே! போய்ச் சாப்பிட்டுட்டு வா!" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதனையை நடத்துகிறவள் பேச்சி. அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்க மாட்டாள், அவ்வளவு கறார்.

பேச்சியின் அண்ணி மருக்கொழுந்து. அண்ணன் வெள்ளைச்சாமியின் மனைவி. வருஷா வருஷம் முதலில் சிக்குகிறவள் இவள்தான். போன வருஷம் அவளை வளையிலிருந்து பிடுங்கி எடுக்க மூன்று பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள்! அதைச் சொல்லிச் சொல்லிக் குட்டையே சிரித்தது. மருக்கொழுந்துக்கும் அதில் ஒரு பெருமைதான்.

இந்த வருஷம் மாசி பிறந்ததும் ஒரு புதியவள் வந்து சேர்ந்தாள். பெயர் ஊசிமல்லி. அவள் இருந்த குளம் முன்னாலேயே காய்ந்துவிட்டதாம். மரத்தில் ஏறுகிற சாதித் தவளை. விரல் நுனியெல்லாம் பசை. பச்சை இலையைச் சுருட்டி வைத்தது போல உடம்பு. நாணல் தட்டையின் உச்சிக்கு ஒரே தாவில் போய் உட்கார்ந்தாள். தட்டை வளைந்ததே தவிர ஒடியவில்லை.

குட்டையே வாயைப் பிளந்தது. வெள்ளைச்சாமியும் பிளந்தான்.

"யம்மாடி! காத்துல பறக்குறா பாரேன்!"

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஒரு நல்ல வார்த்தை, வேறொன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருக்கொழுந்துக்குக் காய்ந்த மிளகாயைக் கடித்தது போல வயிறு எரிந்தது.

தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தாள். உருண்டையாக ஒரு முகம். அதற்குக் கீழே அதைவிட உருண்டையாக ஒரு வயிறு. நேற்று வரை அது நல்ல வயிறாகத்தான் இருந்தது.

"மாமா, அக்கா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று மேலிருந்தே கேட்டாள் ஊசிமல்லி.

'மாமாவாம்ல மாமா! வந்த அன்னிக்கே முறை சொல்லிக் கூப்பிடுறா!' என்று மருக்கொழுந்து பல்லைக் கடித்தாள். தவளைக்குப் பல் ஏது என்கிறீர்களா? இல்லாத பல்லையும் கடிக்க வைப்பதுதான் பொறாமை.

மறுநாள் முழுக்க அவளுக்கு ஒரே வேலை. ஊசிமல்லி என்ன தின்கிறாள் என்று பார்ப்பது. காலையில் ஒரு கொசு. மத்தியானம் ஒரு குட்டிப் பூச்சி. சாயங்காலம் ஒன்றுமே இல்லை. பொறுக்க மாட்டாமல் நாணலுக்குக் கீழே போய் நின்றாள்.

"ஏன்டியம்மா, நீ அப்படி என்னதான் சாப்பிடுறே?"

"கெடைச்சத சாப்பிடுறேன்க்கா."

"உடம்பு இப்படி இருக்கே, அதுக்கு என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலையேக்கா!"

மருக்கொழுந்து நம்பவில்லை. 'ஒண்ணும் பண்ணாமலா இடுப்பு இப்படி இருக்கும்? கள்ளி! ரகசியத்தச் சொல்ல மனசில்ல!'

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருவர் குட்டையின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றார். கொக்கு!

"தாயி, அந்த ரகசியம் எனக்குத் தெரியும்" என்றது கொக்கு.

மருக்கொழுந்து துள்ளிப் பின்வாங்கினாள்.

"பயப்படாதே. நான் இப்போ விரதம். மீனு, தவளை எதையும் தொடுறதில்ல. பத்துத் தாவு தூரத்துல நின்னே பேசு. என் காலைப் பாரு! என் கழுத்தைப் பாரு! எங்கேயாவது ஒரு துளி அதிகச் சதை இருக்கா?"

இல்லைதான்.

"அந்த ஊசிமல்லி பழைய குளத்துல இருந்தப்போ உன்னைவிட ரெண்டு பங்கு குண்டு. அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்!"

தவளையின் பரம்பரை எதிரி தவளைக்கு நல்லது சொல்லுமா? மற்ற நாளாக இருந்தால் மருக்கொழுந்து யோசித்திருப்பாள். அன்றைக்கு அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். 'ஊசிமல்லியும் முன்னால குண்டு!' ஆகா, கேட்கவே எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது!

"சொல்லுங்க வைத்தியரே! நான் என்ன பண்ணணும்?"

கொக்கு கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. "பூச்சியத் தொடாதே. பசிச்சா தண்ணியக் குடி. ரொம்பப் பசிச்சா ஒரு வாய் பாசி. உச்சி வெயில்ல வயித்துல சேத்தைப் பூசிக்கிட்டுப் பாறை மேல படு, ஊளைச்சதையெல்லாம் உருகி ஓடிரும். கோரைப்புல்ல இடுப்புல கட்டிக்க. தினமும் இறுக்கி, தினமும் அளந்து பாரு."

"தலை சுத்துமே வைத்தியரே?"

"சுத்தட்டும்! தலை சுத்துனா கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம். கண்ணு இருட்டுனா நல்லாவே கரையுதுன்னு அர்த்தம்!"

மருக்கொழுந்து அன்றைக்கே கோரைப்புல்லைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைச்சாமி சாயங்காலம் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தான். அவளுக்கு வெட்டுக்கிளி என்றால் உயிர். கால் பக்கம்தான் முதலில் தின்பாள். அது தெரிந்து காலைக்கூட ஒடிக்காமல் கொண்டுவந்திருந்தான்.

"இந்தா மருக்கொழுந்து, சோதனைக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. நல்லாச் சாப்பிடு."

"எனக்கு வேண்டாம். அவளுக்கே கொண்டுபோய்க் குடுங்க!"

"எவளுக்கு?"

"பறக்குறாளே, அவளுக்கு!"

வெள்ளைச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயில் வெட்டுக்கிளியோடு முழித்தான். பாவம், அதை அவனே தின்றான். ருசிக்கவே இல்லை.

நாட்கள் ஓடின. வெயிலில் கிடந்ததில் மருக்கொழுந்தின் தோல் காய்ந்து சருகாக வெடித்தது. கோரைப்புல்லில் முடிச்சு உள்ளே உள்ளே போனது. ஒவ்வொரு முடிச்சையும் கொக்கிடம் காட்டுவாள்.

"பேஷ்! பேஷ்! ஆனா இந்த அடிவயிறு மட்டும் அடம் பிடிக்குது. அதுக்கு அட்டைதான் சரி. போய்ப் பாரு."

அட்டை தேனாகப் பேசியது. "வலிக்கவே வலிக்காதுக்கா! நீங்க கண்ணை மூடிப் படுத்தாப் போதும். கொழுப்பை நான் உறிஞ்சிருவேன். மூணே நாள்!"

மூன்று நாள் படுத்தாள். நாலாம் நாள் பார்த்தால் அட்டை புளியங்கொட்டை அளவிலிருந்து புளியம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது! நகரவே முடியவில்லை அதனால்.

"என்ன அட்டை, நீ இவ்வளவு குண்டாயிட்டே?"

"எல்லாம் உங்க கொழுப்புதான்க்கா!" என்று ஏப்பம் விட்டது அட்டை. இரத்தம் என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

ஒரு வழியாக மருக்கொழுந்துக்கு இடுப்பு வந்துவிட்டது. தண்ணீரில் நிழலைப் பார்த்தாள். அப்படியும் திரும்பிப் பார்த்தாள், இப்படியும் திரும்பிப் பார்த்தாள். இனி ஒரு குறைதான் பாக்கி. எல்லாரும் பார்க்க நாணல் உச்சிக்குத் தாவ வேண்டும். "யம்மாடி!" என்று வெள்ளைச்சாமி ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

கால்களை மடக்கினாள். தாவினாள்.

பொத்!

நாணலில் கால்வாசி உயரம்கூடப் போகவில்லை. சேற்றில் குப்புற விழுந்தாள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் ஓடிவந்து, "ஐயோ, உடம்புக்கு என்ன புள்ள? ஏன் இப்படி வத்திப்போயிட்டே?" என்று அழுகிற குரலில் கேட்டான்.

மேலிருந்து ஊசிமல்லியும், "அக்கா, அடி பட்டுருச்சா?" என்றாள்.

மருக்கொழுந்துக்கு விழுந்த வலியைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது.

சோதனை நாள் வந்தது. குட்டையில் தண்ணீர் ஒரு முழத்துக்குத்தான் கிடந்தது. தவளைகள் வரிசையில் நின்றன. வெள்ளைச்சாமி தலையை விட்டான். தொப்பை வாசலில் அடைத்துக்கொண்டது.

"சிக்கிட்டே! போண்ணே!"

அடுத்தது மருக்கொழுந்து. வழக்கம்போல இழுப்பதற்கு மூன்று பேர் முன்னாலேயே தயாராக நின்றார்கள். தலையை விட்டாள்.

சர்ர்ர்ர்!

தலை, வயிறு, கால் எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. சிரிப்பதற்கு வாயைத் திறந்த தவளைகள் சிரிக்கவில்லை.

"அண்ணி, நீங்களா?" என்றாள் பேச்சி. அவள் குரல் உடைந்துபோனது. ஆனாலும் சட்டம் சட்டந்தானே! "வழுக்கிட்டீங்க அண்ணி. இந்த உடம்போட உங்கள மண்ணுக்குள்ள விட்டா, மழைக்கு எலும்புதான் எந்திரிக்கும். இன்னும் ஒரு வாரம் தண்ணி தாங்கும். நான் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள சாப்பிட்டுட்டு வந்துருங்க."

"அவ வராம நானும் போகல" என்று வெள்ளைச்சாமி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மற்ற தவளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அங்கே ஒரு 'குர்', இங்கே ஒரு 'குர்'. பிறகு சத்தமே இல்லை. வெயிலில் பூச்சிகளும் குறைந்துபோயிருந்தன. வெள்ளைச்சாமி நாள் முழுக்க அலைந்து இரண்டு எறும்பு கொண்டுவந்தான். அவனுக்கும் தொப்பை இறங்க ஆரம்பித்தது. மருக்கொழுந்துக்குப் பயம் பிடித்தது. தான் போவது போதாதென்று அவனையும் கூட்டிக்கொண்டு போகிறோமே!

நாலாம் நாள், அவன் இரை தேடப் போன நேரத்தில், தட்டுத்தடுமாறிக் கொக்கிடம் போனாள். இந்தத் தடவை பத்துத் தாவு தூரமெல்லாம் அவள் கணக்குப் பார்க்கவில்லை.

"வைத்தியரே! இளைக்கச் சொன்னீங்க, இளைச்சிட்டேன். இப்போ குண்டாகுறதுக்கு வழி சொல்லுங்க. இல்லேன்னா மண்ணுக்குள்ள விட மாட்டாங்க!"

ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நின்ற கொக்கு, மெல்ல இரண்டாவது காலையும் கீழே வைத்தது.

"மண்ணு எதுக்குத் தாயி உனக்கு? அதான் என் வயிறு இருக்கே!"

"விரதம்னு சொன்னீங்களே!"

"இன்னியோட முடிஞ்சது! வருஷா வருஷம் நீங்க எல்லாரும் மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிறீங்க. கோடை முழுக்க நான் என்னத்தத் திங்க? வெளிய ஒருத்தியாவது இருக்கட்டும்னுதான் அத்தனையும் சொல்லிக்குடுத்தேன்!"

அலகு ஈட்டி போல இறங்கியது. மருக்கொழுந்து தாவப் பார்த்தாள். கால் நடுங்கியதே தவிரக் கிளம்பவில்லை.

அப்போது நாணல் தட்டை ஒன்று 'விஸ்க்' என்று நிமிர்ந்தது. பச்சையாக ஏதோ பறந்து வந்து கொக்கின் முகத்தில் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. ஊசிமல்லி! நாலு காலையும் விரித்துக் கொக்கின் இரண்டு கண்ணையும் மூடிவிட்டாள்.

"ஓடுங்கக்கா! வளைக்குள்ள ஓடுங்க!"

கொக்கு தலையை உதறியது. இங்கே கொத்தியது, அங்கே கொத்தியது, சேற்றைத்தான் கொத்தியது. மருக்கொழுந்து ஊர்ந்து, உருண்டு, நண்டு வளைக்குள் சர்ரென்று நுழைந்துவிட்டாள். ஊசிமல்லி ஒரே தாவில் முள் நிறைந்த சங்கஞ்செடிக்குள் மறைந்தாள். கொக்கு வளைக்குள் அலகை விட்டுப் பார்த்தது. வளை உள்ளே வளைந்து போனதால் எட்டவில்லை. திட்டிக்கொண்டே தன் மரத்துக்குப் போய்விட்டது.

வெகு நேரம் கழித்து வளை வாசலில் ஊசிமல்லி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்டி." உள்ளே இருட்டில் மருக்கொழுந்துக்கு அழுகை அழுகையாக வந்தது. "அந்தக் கொக்குதானே உனக்கும் இளைக்கச் சொல்லிக்குடுத்துச்சு?"

"எனக்கா? நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்க்கா. எங்கம்மாவும் இப்படித்தான். இலையில உக்காருற எங்களுக்கு உங்க உடம்பு இருந்தா, இலையோட கீழ விழுந்துருவோம்!"

மருக்கொழுந்து இடுப்பிலிருந்த கோரைப்புல்லைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா? கோவிச்சுக்காதீங்க. நான் வந்த நாள்ல இருந்து உங்களப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை."

"என்னப் பார்த்தா?"

"ஆமா! சித்திரை வெயில்ல நீங்க குளுகுளுன்னு மண்ணுக்குள்ள தூங்குவீங்க. எனக்குத் தோண்டவே வராது. ஏதாவது காஞ்ச மரப்பொந்துல ஒட்டிக்கிட்டு, தோல் வெடிச்சுச் சாகாம கெடக்கணும். அப்புறம் மாமா தினமும் வெட்டுக்கிளி கொண்டுவராருல்ல! எனக்கு ஒரு வெட்டுக்கிளி கொண்டுவர யாரு இருக்கா? அன்னிக்கு நீங்க வேண்டாம்னப்போ, 'இந்தக்காவுக்குக் கொழுப்பப் பாரு'ன்னு நெனைச்சேன்!"

மருக்கொழுந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு மாதமாக எரிந்த வயிறு அன்றைக்குத்தான் அணைந்தது. அணைந்ததும்தான் தெரிந்தது, அதே வயிறு எவ்வளவு பசியில் கிடந்தது என்று.

"பசிக்குதுடி" என்றாள்.

"இருங்க, மேல ஏறிப் பாக்குறேன்!"

ஊசிமல்லி கரையிலிருந்த மருத மரத்தின் உச்சிக்கு ஏறினாள். மறுநாளும் ஏறினாள். அன்று பிற்பகலில் திடீரென்று இடி இடித்து, ஒரு கோடை மழை பத்தே நிமிஷம் பெய்து நின்றது. குட்டையை நிரப்பவோ, மண்ணுக்குள் தூங்குகிறவர்களை எழுப்பவோ அது காணாது. ஆனால் பொழுது சாயும்போது உச்சியிலிருந்து ஊசிமல்லி கத்தினாள்.

"அக்கா! மாமா! வாங்க! தெற்குக் கரைப் புத்துல இருந்து ஈசல் கெளம்புது! புகை மாதிரி கெளம்புது!"

கொக்கு கூடடைந்துவிட்ட நேரம். வெள்ளைச்சாமி மருக்கொழுந்தைத் தள்ளிக்கொண்டே போனான். புற்றின் வாசலில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதும், ஈசல் தானாக வந்து விழுந்தது. மருக்கொழுந்து தின்றாள். இறக்கையோடு தின்றாள். பாசியை நினைத்துச் சிரித்தபடி தின்றாள். வெள்ளைச்சாமியும் இறங்கிய தொப்பை நிரம்பத் தின்றான்.

டப்!

"என்ன சத்தம்?" என்று பதறினான் வெள்ளைச்சாமி.

இடுப்பில் கட்டிய கோரைப்புல் அறுந்து விழுந்து கிடந்தது.

மறுநாளும் புற்று ஈசலைத் தள்ளியது. அதற்கடுத்த நாள் காலையில் பேச்சி வளை வாசலில் காத்திருந்தாள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மருக்கொழுந்து தலையை விட்டாள். தோள் நுழைந்தது. வயிறு அப்படியே நின்றது.

"சிக்கிட்டீங்க அண்ணி! சிக்கிட்டீங்க!" என்று பேச்சி குதித்தாள். வெள்ளைச்சாமி ஒரு காலையும், பேச்சி ஒரு காலையும், ஊசிமல்லி இரண்டுக்கும் நடுவிலும் பிடித்து இழுத்தார்கள். மருக்கொழுந்து வெளியே வந்து மல்லாந்து விழுந்தாள்.

"யம்மாடி! என்னா கனம்!" என்றான் வெள்ளைச்சாமி. அவள் கேட்க ஆசைப்பட்ட அதே "யம்மாடி!"

பேச்சியும் வெள்ளைச்சாமியும் இறங்கியாயிற்று. மருக்கொழுந்து பாதி உடம்பு மண்ணுக்குள் போன பிறகு நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊசிமல்லி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடி போகப்போறே?"

"ஏதாவது பொந்து பாக்கணும்க்கா."

"பொந்து எதுக்கு? இந்த வளைக்குள்ள நான் இருந்து பார்த்திருக்கேன். அடியில ஈரம் இருக்கு, கொக்கு மூக்கும் எட்டாது. எங்க யாருக்கும் இது பத்தாது. உன் உடம்புக்குன்னே அளவெடுத்துத் தோண்டுன மாதிரி இருக்கும். நீ இங்கேயே இரு."

ஊசிமல்லி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கண் பளபளக்க வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

பாருங்கள், அடுத்தவர் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத் தன் உடம்பைப் பட்டினி போடுகிறவர், தன்னைத் தின்னக் காத்திருப்பவன் சொல்லைத்தான் வைத்தியம் என்று நம்புவார்.

மருக்கொழுந்து கழுத்து வரை மண்ணை இழுத்து மூடிக்கொண்டாள். கண் சொக்கியது. கடைசியாக ஒரு தடவை தலையை நீட்டினாள்.

"அடியே ஊசிமல்லி, மொதல் மழை விழுந்ததும் என் தலைக்கு மேல வந்து நின்னு, 'அக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்து என்னை எழுப்பி விடுறியாம்மா?"